மூன்று சக்கரமா, நான்கு சக்கரமா?



தென்காசியிலிருந்து ஓர் இளந்தாய் வரைந்த மடல் இம்மாதம் நம் பகுதிக்குப் பொருளாகின்றது. தலைச்சன் பிள்ளை பிறந்து மூன்று மாதம் நிறைந்திருக்கின்றதாம். அயல்நாட்டில் பணிபுரியும் தாய்மாமன் விடுமுறையில் வரும்போது மருமகனுக்குத் தள்ளுவண்டி ஒன்று வாங்கிவர விழைகின்றார். காற்றடைத்த பெரிய சக்கரங்கள் மூன்று பூட்டிய வண்டி அவர் மனத்தைக் கவர்ந்துள்ளது. வீட்டிலிருக்கும் ஆச்சியோ, "இடுப்பு இருக்கும்போது வண்டி என்னத்துக்கு?" என்கின்றாராம். தாய் மீண்டும் பள்ளிக்கூட வேலைக்குச் செல்லும் நாளும் நெருங்குகின்றது. "மூன்று சக்கர வண்டி குடை சாயாதா? சாரல் தொடங்கியதும் குற்றாலத்துக்குப் பிள்ளையை அதில் வைத்துக் கொண்டு போகலாமா?" என்று கேட்கின்றார்.

ஆச்சியின் சொல்லை எள்ளி ஒதுக்க வேண்டா. நம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாய் இடுப்பிலும் தோளிலும் சேலைத் தூளியிலும் வளர்ந்தவர்களே. தாயின் உடல் வெப்பமும் மணமும் பேச்சும் அருகிலேயே கிடைக்கும் பேறு எந்த வண்டியிலும் இல்லை. ஆயினும் கணக்கு ஒன்று உண்டு. நன்கு வளரும் குழந்தை ஆறு மாதத்தில் ஏழு கிலோவைத் தாண்டிவிடும். முதலாண்டு நிறைவில் ஒன்பது கிலோவை எட்டும். தாய் பள்ளிக்குச் சென்றபின் பகல் முழுதும் அந்தச் சுமையை ஒரே பக்கத்து இடுப்பில் தாங்கப் போகின்றவர் யார்? வண்டி வேண்டாம் என்று சொல்லும் அதே ஆச்சிதான். முழங்காலும் முதுகும் நோகத் தொடங்கும் வயதில், மாலையில் தெருமுனை வரை பிள்ளையைக் காற்றாட அழைத்துச் செல்ல ஒரு வண்டி இருக்குமாயின், அது பேரனைவிட ஆச்சிக்கே பெரிய உதவி. ஆகவே தாய்மாமன் கடையில் நின்று கேட்க வேண்டிய முதற் கேள்வி, குழந்தைக்கு எது அழகு என்பதன்று. அறுபது வயது கடந்த பெண் ஒருவர் எதைத் தள்ளுவார், எதை நிறுத்துவார், எதை மடக்குவார் என்பதே.

இவ்வண்டிகள் வந்த வரலாறும் இதனையே காட்டுகின்றது. 1733ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டெவன்ஷயர் கோமகனுடைய பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் என்ற கலைஞர் ஒரு சிறு வண்டியை அமைத்துக் கொடுத்தார் என்பர். அதனை ஆடோ மட்டக்குதிரையோ இழுத்துச் செல்லும். தள்ளுகின்றவர் என்று ஒருவர் அங்கே இல்லை. பின்னர் மனிதர் தள்ளும் வண்டிகள் வந்தன. அவை பெருஞ்சுமையாய் இருந்தன. விமானப் பொறியாளராய் இருந்து ஓய்வு பெற்ற ஓவன் மக்லாரன் என்பவர், தம் மகள் பேரக்குழந்தையோடு கனத்த வண்டியை இழுத்துக் கொண்டு அல்லலுறுவதைக் கண்டு, 1965இல் அலுமினியக் குழாய்களால் குடைபோல் மடங்கும் வண்டியை வடிவமைத்தார். அதன் எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. மூன்று சக்கர வண்டியின் கதை வேறு. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா நகரில் வாழ்ந்த பில் பெக்ளர் என்ற பத்திரிகையாளர், ஓட்டப் பயிற்சிக்குச் செல்லுங்கால் தம் கைக்குழந்தையையும் உடன் கொண்டு போக விரும்பி, சாதாரணத் தள்ளுவண்டியில் சைக்கிள் சக்கரங்களைப் பூட்டினார். 1984 முதல் அது விற்பனைக்கு வந்தது. ஓடுகின்ற தந்தைக்காகப் பிறந்த வண்டி அது என்பதை நினைவில் நிறுத்துக. நம் ஆச்சி ஓடப் போவதில்லை.

இனிக் குடை சாய்தலைப் பற்றிப் பார்ப்போம். மேடுபள்ளமான தரையில் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. மூன்று கால்களும் எப்பொழுதும் தரையைத் தொட்டே நிற்கும். தார் பெயர்ந்த தெருவிலும் சரளை மண்ணிலும் மூன்று சக்கர வண்டி தடையின்றிச் செல்வதற்கு இது ஒரு காரணம். முன்னால் ஒரே சக்கரம் இருப்பதால் திருப்புவதும் எளிது. ஆனால் நம்மூர் ஆட்டோவில் ஏறியவர் எவருக்கும் இதன் மறுபக்கம் தெரியும். வளைவில் ஓட்டுநர் விரைந்து திருப்பினால் உள்ளே இருப்பவர் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கம்பியைப் பற்றிக் கொள்கின்றோம் அல்லவா? முன்புறம் ஒரே சக்கரம் ஆதலால், முன்பக்க மூலை இரண்டிலும் தாங்குவதற்கு ஒன்றும் இல்லை. தள்ளுவண்டியும் அவ்வாறே. நடைபாதை விளிம்பிலோ வேகத்தடையிலோ குறுக்குச் சாய்வாக ஏற்றினால் அது கவிழக் கூடும். நேர்முகமாக நிறுத்தி, கைப்பிடியைச் சற்றுத் தாழ்த்தி, முன் சக்கரத்தை மேலே வைத்தபின் தள்ளினால் ஆபத்தில்லை. பின் சக்கரங்கள் இரண்டும் எவ்வளவு அகன்றிருக்கின்றனவோ அவ்வளவுக்கு நிலைப்பு மிகும். குழந்தை அமரும் இடம் எவ்வளவு தாழ்ந்திருக்கின்றதோ அதுவும் நன்று.

கவிழ்வதற்குப் பெரும்பாலும் காரணம் சக்கரம் அன்று, பை. சந்தைக்குச் சென்று திரும்புகையில் காய்கறிப் பையைக் கைப்பிடியில் மாட்டிவிடுகின்றோம். குழந்தை அமர்ந்திருக்கும் வரை ஒன்றும் தோன்றாது. பிள்ளையைத் தூக்கிய மறுகணம் வண்டி மல்லாந்து விழும். பட்டையைக் கழற்றாமல் இருக்கையிலேயே விழுந்தால் பிள்ளையின் பின்மண்டை தரையில் மோதும். பையை இருக்கைக்குக் கீழுள்ள கூடையில் வைப்பதே முறை. மூன்றாயினும் நான்காயினும் எல்லா வண்டிக்கும் இது பொருந்தும்.

மூன்று சக்கர வண்டியிலும் இருவகை உண்டு. ஓட்டத்துக்கென்றே செய்தவற்றில் முன் சக்கரம் நேராகவே நிற்கும். திருப்ப வேண்டுமானால் கைப்பிடியை அழுத்தி முன்பகுதியைத் தூக்கித்தான் திருப்ப வேண்டும். ஒரு நாளில் இருபது முறை அப்படிச் செய்ய ஆச்சியின் மணிக்கட்டு இடம் தராது. மற்றொரு வகையில் முன் சக்கரம் தானே சுழலும்; கரடான இடம் வரும்போது ஒரு திருகாலோ பொத்தானாலோ அதை நேராகப் பூட்டிக் கொள்ளலாம். வாங்குவதானால் இதையே வாங்குக. முன் சக்கரத்தைக் கழற்றி மாட்டும் நெம்புகோல் இருப்பின், ஒவ்வொரு முறையும் அது இறுகியுள்ளதா என்று கையால் அசைத்துப் பார்த்தல் இன்றியமையாதது. இது சரியாக இறுகாமல் ஓடும்போதே முன் சக்கரம் கழன்று, குழந்தைகளும் பெரியவர்களும் காயமுற்றதாக எழுந்த முறையீடுகளின் பேரில், அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2018இல் ஒரு நிறுவனத்தின் மீது வழக்கே தொடுத்தது.

குழந்தையின் வயதையும் நோக்க வேண்டும். மூன்று மாதப் பிள்ளைக்குக் கழுத்து முற்றும் நிற்பதில்லை. உட்கார்ந்த நிலையில் வைத்தால் தலை முன்னே கவிழ்ந்து, முகவாய் மார்பில் அழுந்தி, மூச்சுக்கு இடையூறு நேரலாம். ஆகவே முதல் ஆறு மாதத்துக்கு இருக்கை ஏறத்தாழ மட்டமாகச் சாயும் வண்டியே தகும். ஓட்டத்துக்கான வண்டிகள் பலவற்றில் இவ்வசதி இல்லை. குலுங்கும் பாதையில் விரைந்து தள்ளுவதும் ஆறு மாதம் நிறையும் முன் கூடாது. அதன்பின்னும் குழந்தை மருத்துவரைக் கேட்டுச் செய்வது நலம். தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து இடத்திலும் பிடிக்கும் பட்டை இருக்க வேண்டும். "கொஞ்ச தூரம்தானே" என்று அதைப் போடாமல் செல்வது நம்மவர் பழக்கம்.

தென்காசித் தெருக்களை எண்ணிப் பார்க்குங்கால் காற்றடைத்த சக்கரத்துக்கே நம் வாக்கு. உள்ளங்கையளவுச் சிறு பிளாஸ்டிக் சக்கரங்கள் சாக்கடை மூடியின் இடுக்கிலும், இரு கற்பலகைகளுக்கு நடுவிலும் சிக்கிக் கொள்ளும்; சிக்கியதும் வண்டி திடீரென நிற்கும். பன்னிரண்டு அங்குலச் சக்கரம் அவற்றைப் பொருட்படுத்தாது. நடைபாதையின் அகலம் குறைந்தது 1.8 மீட்டராவது இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டு நெறி கூறுகின்றது. ஏட்டில் அது இருக்கின்றது. கடை வீதியில் பந்தலும் பலகையும் இருசக்கர வாகனமும் அந்த இடத்தில் இருக்கின்றன. எனவே வண்டி சாலை ஓரத்திலேதான் செல்லும். முன் சக்கரம் சாலைக்குள் நீட்டிக் கொண்டு, பின்னால் நிற்பவருக்கு ஓரடி முன்னதாகவே குழந்தை போக்குவரத்தில் நுழைந்துவிடும். சாலையைக் கடக்கையில் வண்டியைப் பக்கவாட்டில் நிறுத்திக் காத்திருந்து, இருபுறமும் பார்த்தபின் திருப்புதல் வேண்டும்.

வீட்டையும் அளந்து பார்க்க வேண்டும். பின் சக்கரங்கள் அகன்ற வண்டிக்கு அறுபது முதல் எழுபது சென்டிமீட்டர் இடம் தேவை. பழைய வீடுகளின் நிலைக்கதவு அவ்வளவு தாராளமாக இராது. உயர்ந்த வாசற்படியும் இருக்கும். தாய்மாமன் வாங்குமுன் வாசலின் அகலத்தை நூல் பிடித்து அளந்து அவருக்கு எழுதி அனுப்புக. ஆலயப் படிகளில் ஞாயிறு திருப்பலிக்கு ஏற்றுகையில் இருவராய்த் தூக்க வேண்டும். அப்போது முன்னிருப்பவர் சட்டத்தின் குழாயைப் பிடிக்க வேண்டுமேயன்றி, குழந்தைக்கு முன்னே குறுக்காக உள்ள கைத்தாங்கியைப் பிடிக்கலாகாது. அது கழன்று வருமாறு செய்யப்பட்டது.

தென்காசிக்கென்றே ஒரு செய்தி உண்டு. செங்கோட்டைக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வீசும் காற்றை அறியாதவர் இல்லை. காசி விசுவநாதர் கோவில் கோபுர வாயிலில் நின்றவர்களைக் கேட்டால் கதை கதையாய்ச் சொல்வர். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியைப் பிற ஊரார் மிகைப்பேச்சு எனலாம். சுற்றுப்புறத்துக் காற்றாலைகள் அப்படிச் சொல்லமாட்டா. விரித்த கூரையோடு நிற்கும் தள்ளுவண்டி அக்காற்றில் பாய்மரக் கப்பலே. பெரிய சக்கரம் சிறியதைவிட எளிதில் உருளும் ஆதலால், ஒரு நொடி கையை எடுப்பதானாலும் தடையை மிதித்துவிட்டே எடுக்க வேண்டும். அந்தத் தடையைச் செருப்பணிந்த காலால் மிதிக்கவும் விடுவிக்கவும் முடிகின்றதா என்று பார்த்து வாங்குக. சில வண்டிகளில் அதைக் கால்நுனியால் மேலே நெம்ப வேண்டும். திறந்த செருப்பு அணிபவருக்கு அது துன்பம். கைப்பிடியிலிருந்து மணிக்கட்டில் மாட்டிக் கொள்ளும் பட்டை ஒன்றும் இருத்தல் நன்று.

காற்றில்லாத பங்குனி, சித்திரையில் வேறு தவறு நிகழ்கின்றது. வெயில் படாதிருக்க வண்டியின் மேல் துண்டைப் போர்த்திவிடுகின்றோம். நிழல் கிடைக்கின்றது, காற்று நின்றுவிடுகின்றது. சிட்னி பல்கலைக்கழகத்தார் 2023இல் வெளியிட்ட ஆய்வில், உலர்ந்த துணியால் மூடிய வண்டியின் உள்வெப்பம் ஏறத்தாழ 3 பாகை அளவுக்குக் கூடியது. மெல்லிய துணியை நனைத்துப் போட்டுச் சிறு மின்விசிறியும் வைத்தபோது சுமார் 5 பாகை குறைந்தது. கடும் வெயிலில் வெளியே போகாதிருப்பதே மேல். போக நேர்ந்தால் கூரையை மட்டும் இழுத்துவிட்டு, முன்பக்கத்தைத் திறந்தே வைக்க வேண்டும். சாரலுக்கென விற்கும் பிளாஸ்டிக் உறையையும் மழை நின்றவுடன் அகற்றிவிடுக.

இனிக் குற்றாலம். இதில் நம் விடை ஐயத்துக்கு இடமற்றது: வண்டி தங்கும் விடுதி வரையில் வரலாம், அருவிக்கரைக்கு வரலாகாது. பேரருவியாயினும் ஐந்தருவியாயினும் பழைய குற்றாலமாயினும், அருவியை நெருங்கும் வழியெல்லாம் ஈரம் சொட்டும் கல்தளமும் படிகளும் எண்ணெய் வழியும் உடலோடு நெருக்கியடிக்கும் கூட்டமுமே. எண்ணெயும் நீரும் கலந்த கல்லில் பெரியவர் காலே நிலைக்காது. காற்றுச் சக்கரம் எம்மாத்திரம்? இன்னொன்று, குரங்கு. தள்ளுவண்டியின் கூடையில் பால்புட்டியும் பிஸ்கோத்தும் இருப்பதைக் கண்டுவிட்டால், குழந்தை இருக்கின்றதே என்று அவை தயங்குவதில்லை.

எல்லாவற்றினும் முதன்மையானது வெள்ளம். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனக் காட்டாற்று வெள்ளம் பெருகி, நெல்லையிலிருந்து வந்திருந்த பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். குளித்துக் கொண்டிருந்தவர்கள் அலறியடித்துக் கொண்டு படிகளில் ஓடினர். மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரிவதில்லை; நீர் மண்நிறமாக மாறுவதும் இரைச்சல் கூடுவதும் தெரியவரும்போது சில நொடிகளே எஞ்சியிருக்கும். ஐந்து பட்டைகளையும் அவிழ்த்துப் பிள்ளையை வெளியே எடுக்க அந்த நொடிகள் போதுமா? நடுங்கும் கைக்கு அந்தக் கொக்கி எளிதில் கழலாது. வண்டியோடு தூக்கிக் கொண்டு படியேறவும் ஒருவரால் இயலாது. அருவியருகே குழந்தை இருக்க வேண்டிய இடம் ஒருவருடைய கையும் மார்புமே. அதிலும் அவர் குளிக்க இறங்காதவராய், படிக்கு அருகிலே நிற்பவராய் இருக்க வேண்டும். காவலர் குளிக்கத் தடை விதித்திருக்கும் நாளில், பார்த்துவிட்டாவது வருவோம் என்று கைக்குழந்தையோடு போவதும் வேண்டா. இங்கே ஆச்சியின் இடுப்புக்கே வெற்றி.

மற்றபடி, மாலையில் குற்றாலத்துச் சாலைகளில் கூட்டம் குறைந்த பகுதியில் சாரலுக்கு முன்னே சற்று உலாவ வண்டி பயன்படும். ஆனால் பேருந்தில் செல்வதானால் அதை மறந்துவிடுக. பெரிய சக்கர வண்டி பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் அதுவுமாய் நகரப் பேருந்தில் ஏற எவராலும் ஆகாது. ஆட்டோவிலோ காரிலோ வைக்க, சக்கரங்களைக் கழற்ற வேண்டியிருக்கும். இதனைத் தாய்மாமனும் எண்ண வேண்டும். கைக்குழந்தையோடு பயணம் செய்வோரின் வண்டியைப் பல விமான நிறுவனங்கள் தனிக் கட்டணமின்றி ஏற்கின்றன. தனியே வருபவருக்கு அது மூட்டை எடையில் சேர்ந்துவிடும். கடையிலேயே அதை ஒருமுறை மடக்கி, தூக்கிப் பார்த்து, பிறகு முடிவு செய்யட்டும். மடக்கும் மூட்டுகளில் விரல் நசுங்காதபடி உறை உள்ளதா என்பதையும் நோக்குக. குழந்தைகளின் விரல்நுனி துண்டானதன் காரணமாக 2009இல் அமெரிக்காவில் ஏறத்தாழ பத்து லட்சம் மடக்கு வண்டிகளுக்கு மூட்டு உறை வழங்க நேர்ந்தது.

சுழன்று பூட்டும் முன் சக்கரமும், மட்டமாய்ச் சாயும் இருக்கையும், வாசலில் நுழையும் அகலமும் கொண்ட மூன்று சக்கர வண்டி கிடைத்தால் மாமன் வாங்கி வரட்டும். இம்மூன்றும் ஒருங்கே அமையவில்லையெனில் அந்தச் செலவு வேண்டா. சற்றுப் பெரிய சக்கரமுள்ள இலேசான நான்கு சக்கர வண்டியை இங்கேயே வாங்கிக் கொள்ளலாம்.

நமக்கென்றே ஒரு மூன்று சக்கர வண்டி முன்பே இருக்கின்றது என்பதையும் மாமனுக்கு நினைவூட்டுக. மரத்தாலான நடைவண்டியைத்தான் குறிப்பிடுகின்றோம். பிள்ளை தானே பிடித்து எழுந்து, தன் காலாலே தள்ளிச் செல்வது அது. பெரியவர் ஒருவர் உடன் நின்றால் நல்ல விளையாட்டு. அதனையும், குழந்தையை வட்டச் சட்டத்துக்குள் உட்கார வைத்து உருளவிடும் பிளாஸ்டிக் 'வாக்கர்' வண்டியையும் ஒன்றெனக் கருதலாகாது. பின்னது நடை பழக உதவுவதில்லை. படிகளில் உருண்டு விழுந்து தலையில் அடிபடுவதால் கனடா நாடு 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது.

வாங்கியபின் பராமரிப்பு குறித்து ஒரு சொல். காற்றுச் சக்கரம் என்றால் பஞ்சரும் உண்டு. அயல்நாட்டுச் சக்கரத்துக்கு இங்கே டியூப் எங்கே கிடைக்கும் என்ற கவலை பலருக்கு. பன்னிரண்டு அங்குலச் சக்கரமாயின், சிறுவர் சைக்கிளுக்குப் போடும் டியூபே பெரும்பாலும் பொருந்தும். டயரின் பக்கத்தில் பொறித்துள்ள அளவைக் கண்டு சைக்கிள் கடையில் கேட்டுப் பார்க்கலாம். பதினாறு அங்குலத்துக்கும் இவ்வாறே. காற்றடிக்கும் வாய் மட்டும் நம் பழைய சைக்கிளினின்று வேறுபடும். இவ்வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது மோட்டார் சைக்கிள், கார் டயர்களில் காணும் வால்வு. ஆகவே பெட்ரோல் நிலையத்தில் காற்றடிக்கலாம். ஆனால் டயரில் குறித்த அளவுக்கு மேல் ஏற்றிவிடாதபடி அருகில் நின்று பார்த்துக் கொள்ள வேண்டும், சிறு டயர் ஆதலால் கணப்பொழுதில் நிறைந்துவிடும்.